லேபிள் படிப்பவர்கள்

எடின்பரோ கோட்டைக்கு ஏறும் தெருவில், கோட்டை வாசலுக்குச் சற்று முன்னால், ஸ்காட்ச் விஸ்கி எக்ஸ்பீரியன்ஸ் என்றொரு காட்சியகம் இருக்கிறது. அங்கே ஒரு கூடம் முழுக்கக் கண்ணாடி அலமாரிகள்; உள்ளே 3,384 விஸ்கி பாட்டில்கள். கிளைவ் விடிஸ் என்ற பிரேசில்காரர் 35 ஆண்டுகள் போல ஒவ்வொன்றாகச் சேர்த்தவை. 2006-இல் டியாஜியோ நிறுவனம் மொத்தத்தையும் வாங்கிக் கடல் கடத்தியது. 2009 முதல் மக்கள் பார்வைக்கு இருக்கிறது. இந்த எண்ணிக்கையைக் கேட்டதும் நம்மவர்கள் வாயில் வரும் கேள்வி ஒன்றுதான்: "இந்த மனுஷன் எப்பதான் குடிச்சாரு?"

அதைவிட எனக்குப் பிடித்த கேள்வி வேறு. எதைப் பார்த்து வாங்கினார்?

பழசாக ஆக மதிப்புக் கூடும் பண்டங்கள் நம் வீடுகளிலும் உண்டு. அரிசி மூட்டையில் கிடந்தே பழசாகிறது. புளி பானையில் இருந்தே கறுக்கிறது. அந்த நினைப்பில்தான், எப்போதோ துபாயிலிருந்து வந்த பாட்டிலை பீரோவில் பூட்டி வைத்துக்கொண்டு "இருபது வருஷச் சரக்கு" என்று கண்ணைச் சிமிட்டுகிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். விஸ்கிக்கு அந்தக் கணக்கு செல்லாது. அது மூப்படைவது ஓக் பீப்பாய்க்குள் மட்டும்தான். 2009-ஆம் ஆண்டின் ஸ்காட்ச் விஸ்கி விதிகள் சொல்வது இது: 700 லிட்டருக்கு மேற்படாத ஓக் பீப்பாயில், ஸ்காட்லாந்து மண்ணிலேயே, குறைந்தது 3 ஆண்டு இருக்க வேண்டும், அடைக்கும்போது 40 சதவீத ஆல்கஹாலாவது இருக்க வேண்டும். பாட்டிலில் இறங்கிய நாளோடு வயது நின்றுபோகும். 1990-இல் வாங்கிய 12 ஆண்டு விஸ்கிக்கு இன்றும் வயது 12-தான்.

அப்படியானால் பழைய பாட்டிலுக்கு ஏன் அவ்வளவு விலை? உள்ளே இருப்பது மாறுவதில்லை. வெளியே எல்லாம் மாறிவிடுகிறது. வடிசாலை மூடுகிறது. பார்லி ரகம் மாறுகிறது. 1980-களில் ஷெர்ரி மதுவை ஸ்பெயினிலேயே அடைத்து அனுப்ப வேண்டும் என்று ஆனபின், ஷெர்ரி ஏற்றிக் கப்பலில் வந்துகொண்டிருந்த பீப்பாய்களும் வருவது நின்றது. சேகரிப்பாளர் காசு கொடுப்பது இந்த இடைவெளிக்கு. எது எப்போது மாறியது என்று தெரியாதவர் இடைவெளியை அளக்க முடியாது. ருசி அறிந்த நாக்கு வேண்டும்தான். ஆனால் வாங்கும் நேரத்தில் நாக்குக்கு வேலையில்லை, மூடியைத் திருகிப் பார்க்க எந்தக் கடைக்காரரும் விடமாட்டார். அப்போது கைகொடுப்பது படிப்பு மட்டும்தான்.

1983-ஐத் தெரியாமல் இந்தச் சந்தையில் பாதி புரியாது. விற்பனை ஏறிக்கொண்டே போகும் என்று நம்பி 1970-களில் வடிசாலைகள் விடாமல் வடித்துத் தள்ளின. எண்ணெய் நெருக்கடி, மந்தநிலை, வோட்கா பக்கம் திரும்பிய இளசுகள் என எல்லாம் சேர்ந்து கிடங்குகளில் சரக்கு தேங்கியது. 'விஸ்கி ஏரி' என்றே அதற்குப் பெயர். அன்றைய பெருமுதலாளியான டிஸ்டில்லர்ஸ் கம்பெனி, 1983 என்ற ஒரே ஆண்டில் 11 வடிசாலைகளை மூடியது. ஐலே தீவின் போர்ட் எலன், வடக்கே சதர்லாந்தின் பிரோரா, லின்லித்கோ ஊரின் செயின்ட் மாக்டலீன் எல்லாம் அந்தப் பட்டியலில் அடக்கம். அன்று யாரும் கண்ணீர் விடவில்லை. இவற்றின் சரக்கில் பெரும்பங்கு, பல வடிசாலைகளின் சரக்கைச் சேர்த்துச் செய்யும் பிளெண்டட் விஸ்கிகளில் பெயரில்லாமல் கலந்து போய்க்கொண்டிருந்தது. போர்ட் எலன் என்று தனியாகக் கேட்டு வாங்கியவர்கள் சொற்பம்.

மூடியபின் மிஞ்சியவை பீப்பாய்கள். 1995-இல் 'ரேர் மால்ட்ஸ்' என்ற வரிசையில் அவற்றில் சில தனித்தனியாக அடைபட்டு வந்தன; 2001-இலிருந்து போர்ட் எலன் ஆண்டுக்கொன்றாக வெளிவந்தது. கூடவே விலையும் ஏறியது. தீர்ந்தால் தீர்ந்ததுதான் என்பதைக் கடைக்காரரும் வாங்குபவரும் ஒரே நேரத்தில் உணர்ந்துகொண்ட காலம் அது.

இதில் பிரோரா கதையைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். 1819-இல் தொடங்கிய அந்த வடிசாலையின் பழைய பெயர் கிளைன்லிஷ். 1960-களின் கடைசியில் பக்கத்திலேயே புதிதாக ஒன்றைக் கட்டி, கிளைன்லிஷ் என்ற பெயரை அதற்குக் கொடுத்துவிட்டார்கள். பழையது 1969-இல் பிரோரா ஆயிற்று. பிளெண்டட் விஸ்கிக்குப் புகை மணம் கொடுப்பது ஐலே தீவின் மால்ட், அதாவது முளைகட்டிய பார்லியில் வடிக்கும் விஸ்கி. அது போதாமல் போனதால், புகை மணத்தில் பெரிதாகப் பேர் வாங்காத இந்த வடிசாலையில் 1973 வரை பீட் (சதுப்புக் கரி) புகை தூக்கலான சரக்கை வடிக்கச் சொன்னார்கள். ஐலேயின் காவோல் ஈலா வடிசாலையை இடித்துக் கட்டும் வேலை நடந்ததும் 1972 முதல் 1974 வரைதான். பிற்பாடு பிரோராவில் புகை குறைந்தது. ஆக, ரேர் மால்ட்ஸ் வரிசையில் 22 ஆண்டு மூப்போடு வந்த 1972 பிரோராவை ஏலத்தில் பார்க்கும் விவரம் தெரிந்தவர், எங்கோ ஒரு தீவில் நடந்த கட்டட வேலையையும் சேர்த்துப் பார்க்கிறார். அதே பிரோராவின் 1980-ஆம் ஆண்டுச் சரக்கு அவருக்கு வேறொரு பண்டம்.

இன்றைய நிலையில் பிரோரா திறந்துவிட்டது. பழைய கொதிகலன் கூடத்தைக் கல் கல்லாகப் பிரித்து அதே கற்களால் திரும்பக் கட்டி, பழைய செப்புக் கொதிகலன்களையே பழுதுபார்த்து, 2021 மே மாதம் வடிக்கத் தொடங்கினார்கள். போர்ட் எலன் 2024-இல் திறந்தது. 1993-இல் மூடிய ரோஸ்பேங்கும் மறுபடி வடிக்கத் தொடங்கியது. மூடிய வடிசாலை என்பதற்காகவே வாங்கி அடுக்கியவர்களுக்கு இது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று அவர்களே இன்னும் முடிவு செய்யவில்லை.

கம்பெனி வெளியீடுகளை விட்டுவிட்டுத் தனி அடைப்பாளர்களிடம் வாங்குவதுதான் ஆர்வலர்களில் கொஞ்சம் தேறியவர்களின் பழக்கம். இவர்கள் வடிசாலைகளிடமிருந்து பீப்பாயாக வாங்கி, தங்கள் கிடங்கில் வைத்து, தங்கள் பெயரில் அடைத்து விற்பவர்கள். அபர்டீனில் 1842-இல் தொடங்கி இன்று கேம்பல்டவுனில் இருக்கும் கேடன்ஹெட், எல்ஜின் நகரின் மளிகைக் கடையாக 1895-இல் தொடங்கிய கார்டன் அண்ட் மெக்ஃபைல், 1988-இல் வந்த சிக்னேட்டரி ஆகியவை பெரிய பெயர்கள். வடிசாலைகள் தங்கள் சரக்கைச் சிங்கிள் மால்ட்டாக, அதாவது ஒரே வடிசாலையின் மால்ட்டாக, விற்கவே யோசிக்காத காலத்தில் பல பெயர்களை உயிரோடு வைத்திருந்தவர்கள் இவர்களே. அந்தக் காலம் முடிந்துகொண்டிருக்கிறது. 2024 முதல் வெளி வடிசாலைகளின் புதுச் சரக்கைப் பீப்பாயில் நிரப்பப் போவதில்லை என்று கார்டன் அண்ட் மெக்ஃபைல் 2023-இல் அறிவித்துவிட்டது. கிடங்கில் உள்ளது பல பத்தாண்டுகளுக்கு வரும். அதற்குப் பிறகு இல்லை.

இவர்களின் லேபிள் ஒன்றை மேசையில் வைத்துப் பார்ப்போம். இது ஒரு மாதிரிதான்: வடித்தது 1995 நவம்பர், அடைத்தது 2020 டிசம்பர், பீப்பாய் வகை ஹாக்ஸ்ஹெட், பாட்டில்கள் 214, பீப்பாய் வலுவிலேயே அடைத்தது, 51 சதவீதம், நிறம் சேர்க்கவில்லை. சும்மா விவரம் போலத் தெரியும். பென்சில் எடுத்தால் இது ஒரு கணக்கு. ஹாக்ஸ்ஹெட் என்பது சுமார் 250 லிட்டர் பீப்பாய். ஸ்காட்லாந்தின் குளிரில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2 சதவீதம் மரத்தின் வழியே ஆவியாகும்; தேவதைகள் குடித்துவிட்டதாக அங்கே சொல்வார்கள். 25 ஆண்டில் மிஞ்சுவது சுமார் 151 லிட்டர். 700 மில்லியாக ஊற்றினால் 215 பாட்டில். லேபிள் 214 என்கிறது. சரியாக இருக்கிறது. இதே லேபிளில் 430 என்று இருந்தால் ஏதோ இடிக்கிறது என்று பொருள். ஒன்று, பீப்பாய் 500 லிட்டர் கொள்ளும் ஷெர்ரி பட். அல்லது, 'ஒரே பீப்பாய்' என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் அர்த்தம் வேறு. பல பீப்பாய்களை ஒரு ஷெர்ரி பீப்பாயில் சேர்த்துச் சில மாதம் வைத்து எடுத்தாலும் லேபிளில் ஷெர்ரி என்ற சொல் கம்பீரமாக நிற்கும். இது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

பெயரே இல்லாத லேபிள்களும் உண்டு. 1983-இல் எடின்பரோவில் தொடங்கிய ஸ்காட்ச் மால்ட் விஸ்கி சொசைட்டி, வடிசாலைப் பெயருக்குப் பதில் எண் போடுகிறது. 33 என்றால் ஆர்ட்பெக் என்பது உறுப்பினர்களுக்கு மனப்பாடம். நம் ஊரில் பஸ் ரூட் நம்பர் போல. இன்னொரு தந்திரம் 'ஸ்பூன் போடுவது'. தன் பெயரை வெளியார் பயன்படுத்தக் கூடாது என்று நினைக்கும் வடிசாலை, பீப்பாயை விற்கும்போது வேறொரு வடிசாலையின் மால்ட்டைச் சிறிது கலந்துவிடும். ஒரு தேக்கரண்டி விழுந்ததும் அது சட்டப்படி சிங்கிள் மால்ட் இல்லை, பெயரும் போடமுடியாது. விலை சரசரவென இறங்கும், ருசி அப்படியேதான் இருக்கும். குடிப்பதற்கு வாங்குகிறவர்களுக்கு என் சிபாரிசு இந்தப் பாட்டில்கள்தான். விற்பதற்கு வாங்குகிறவர்கள் இவற்றைத் திரும்பியும் பார்ப்பதில்லை.

வயதைப் பற்றி ஒரு வார்த்தை போதும். லேபிளில் உள்ள எண் கலவையிலேயே மிக இளைய விஸ்கியின் வயது. 18 போட்டிருந்தால் உள்ளே 25-உம் இருக்கலாம். எண்ணே இல்லாத பாட்டில்கள் பெருகிவிட்டன, அவற்றில் நல்லவையும் உண்டு. 46 சதவீதமோ அதற்கு மேலோ வலு, குளிரவைத்து வடிகட்டாதது, கேரமல் நிறம் சேர்க்காதது என்ற மூன்றையும் தேடுவது ஆர்வலர்களுக்குச் சுருதி மாதிரி ஆகிவிட்டது. கேரமல் சேர்ப்பது சட்டப்படி அனுமதிக்கப்பட்டது, ருசியையும் பெரிதாகக் கெடுத்துவிடாது. பலருக்கு அது கொள்கைப் பிரச்சினை.

வாங்குவது எங்கே? நல்ல சரக்கு கடை அலமாரிக்கு வருவதற்கு முன்பே தீர்ந்துவிடுகிறது. கேம்பல்டவுனின் ஸ்பிரிங்பேங்க் இதற்கு உதாரணம். 1828-இல் தொடங்கிய குடும்ப நிறுவனம். பார்லியைத் தரையில் பரப்பி முளைகட்டுவதிலிருந்து பாட்டிலில் அடைப்பது வரை எல்லாமே ஒரே வளாகத்தில், பெரும்பாலும் ஆள் கையால். இரண்டரை முறை வடிக்கும் விசித்திரம் வேறு. இந்த முறையில் உற்பத்தியை நினைத்தபடி கூட்ட முடியாது. உலகம் முழுக்க ஆள் கேட்பதால் கடைகள் குலுக்கல் நடத்துகின்றன. குலுக்கலில் விழுந்த பாட்டிலைப் பிரிக்காமலேயே அடுத்த வாரம் ஏலத்தில் போடுகிறவர்கள் ஒரு கூட்டம். முதல் நாள் முதல் காட்சிக்கு வரிசையில் நின்று டிக்கெட் வாங்கி, தியேட்டர் வாசலிலேயே பிளாக்கில் விற்பவரை நமக்குத் தெரியும். அதே ஆள்தான், கோட்டு போட்டிருக்கிறார்.

இரண்டாவது வழி ஏலம். கடந்த 15 ஆண்டுகளில் கிளாஸ்கோவிலும் பெர்த்திலும் முளைத்த இணைய ஏலங்கள், ஒரு சிலரின் விளையாட்டாக இருந்ததை யாரும் ஆடக்கூடியதாக்கின. புதிதாக வருகிறவர் தவறவிடுவது கூலிக் கணக்கை. கேட்ட தொகைக்கு மேல் வாங்குபவர் கமிஷன், அதற்கு வரி, கப்பல் செலவு, இறங்கும் நாட்டின் சுங்கம். மெக்காலன் 1926 இதற்கு எடுப்பான சாட்சி. 1926-இல் வடித்து, 263-ஆம் எண் பீப்பாயில் 60 ஆண்டு வைத்து, 1986-இல் அடைத்த சரக்கு. கிடைத்தவை 40 பாட்டில். அவற்றில் 12-க்கு இத்தாலிய ஓவியர் வலேரியோ அடாமி லேபிள் வரைந்தார். வேறு 12-க்குப் பீட்டர் பிளேக். அடாமி பாட்டில் ஒன்று 2023 நவம்பரில் லண்டன் சாத்பிஸ் ஏலத்தில் 17,50,000 பவுண்டுக்குச் சுத்தியல் விழுந்தது. வாங்கியவர் கட்டியது 21,87,500 பவுண்டு. இடையில் உள்ள 4,37,500 பவுண்டு ஏல நிறுவனத்தின் கமிஷன். ஒரே பீப்பாயின் விஸ்கி, ஒரே ஆண்டில் அடைத்தது. ஆனாலும் லேபிளுக்கு லேபிள் விலை வேறு. திரவத்துக்கும் விலைக்கும் இருந்த கயிறு இந்த உயரத்தில் அறுந்துவிடுகிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஜப்பானியர்கள் இந்த லேபிள் விளையாட்டை இன்னும் துணிந்து ஆடினார்கள். 2000-இல் வடிப்பு நின்ற ஹன்யு வடிசாலையின் மிச்சப் பீப்பாய்களை, நிறுவிய குடும்பத்தின் வாரிசு இச்சிரோ அகுதோ காப்பாற்றி, சீட்டுக்கட்டின் ஒவ்வொரு சீட்டின் பெயரிலும் ஒரு பாட்டிலாக 2005 முதல் வெளியிட்டார். இரண்டு ஜோக்கரோடு 54. முழுக்கட்டு ஒன்று 2019 ஆகஸ்டில் ஹாங்காங் ஏலத்தில் 70 லட்சம் ஹாங்காங் டாலருக்கு மேல் போனது. 'இன்னும் ஒரே ஒரு சீட்டுதான் பாக்கி' என்ற நிலை மனிதனை என்ன பாடுபடுத்தும் என்பது தீப்பெட்டிப் படம் சேர்த்த எவருக்கும் தெரியும்.

ஏல ஜுரம் 2022-க்குப் பிறகு தணிந்திருக்கிறது. நைட் ஃபிராங்க் நிறுவனத்தின் ஆடம்பரப் பொருள் குறியீட்டில் அரிய விஸ்கி 2023-இல் 9 சதவீதம் இறங்கியது. முதலீடு என்று வந்தவர்கள் மூட்டை கட்டுகிறார்கள். குடிப்பவர்களுக்கு மறுபடி கொஞ்சம் இடம் கிடைக்கிறது. இந்த இறக்கத்தில் எனக்கு வருத்தமில்லை.

நிலம் வாங்கினால் தாய்ப்பத்திரம் கேட்கலாம், வில்லங்கச் சான்று எடுக்கலாம். பழைய பாட்டிலுக்கு அது எதுவும் இல்லை. கண்ணாடியும் காகிதமும்தான் சாட்சி. அதனால் ஏலக்காரர்கள் போடும் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறார்கள். பிரிட்டிஷ் லேபிளில் '70 டிகிரி புரூஃப்' என்றும் அளவு திரவ அவுன்ஸிலும் இருந்தால் 1980-க்கு முந்தையது. 70 டிகிரி என்பது இன்றைய 40 சதவீதம். 75 சென்டிலிட்டர் என்றால் பெரும்பாலும் 1980-கள். 1990-களின் தொடக்கத்திலிருந்து ஐரோப்பாவில் 70. பாட்டிலை மறுபடி பயன்படுத்துவதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது என்ற வாசகம் கண்ணாடியிலேயே புடைத்திருந்தால், அது 1935-க்கும் 1964-க்கும் இடையில் அமெரிக்கச் சந்தைக்குப் போனது. இத்தாலிய பாட்டில் என்றால் மூடியின் மேல் வரிச்சீட்டு. '1960-களின் பாட்டில்' என்ற விளம்பரத்தில் பின்பக்க லேபிளில் பார்கோடு தெரிந்தால் சிரித்துவிட்டு நகரலாம்; பிரிட்டனில் கடைக்காரர் முதன்முதலில் பார்கோடு படித்ததே 1979-இல்.

பிறகு மட்டம். நிற்க வைத்த பாட்டிலில் திரவம் கழுத்தில் நிற்கிறதா, தோளுக்கு இறங்கிவிட்டதா? இறங்கியிருந்தால் கார்க் வழியே ஆவி போயிருக்கிறது, காற்று உள்ளே வந்திருக்கிறது. சேமிக்கும் முறையில் நம் ஆட்கள் செய்யும் பெரிய தப்பு, வைன் போலப் படுக்க வைப்பது. நானும் செய்திருக்கிறேன். மரப் பீரோவின் கீழ்த்தட்டில் இடமில்லாமல் ஒரு பாட்டிலை எட்டு வருஷம் கிடத்திவைத்தேன். திறக்கும் நாளில் மூடியின் மரக்கட்டை மட்டும் கையோடு வந்தது. கார்க் நனைந்த ரஸ்க் போலக் கழுத்துக்குள்ளேயே உதிர்ந்துவிட்டது. 40 சதவீத ஆல்கஹால் கார்க்கைத் தின்றுவிடும் என்று அன்றுதான் கையால் தொட்டுத் தெரிந்துகொண்டேன். காப்பி வடிகட்டும் துணியில் வடித்துத்தான் விருந்தாளிகளுக்கு ஊற்றினேன். நன்றாகத்தான் இருந்தது என்றார்கள், மரியாதைக்கு.

இத்தனை பார்த்தும் ஏமாறலாம். 2017-இல் சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸ் நகர ஹோட்டல் ஒன்றில், சீன எழுத்தாளர் ஒருவர் 1878 மெக்காலன் என்று சொல்லி ஊற்றப்பட்ட ஒரே ஒரு பெக்குக்கு 9,999 சுவிஸ் ஃபிராங்க் கொடுத்தார். ஹோட்டலும் உண்மை என்றே நம்பியிருந்தது. பாட்டிலின் படத்தைப் பார்த்தவர்கள் சந்தேகம் கிளப்ப, ஹோட்டல் சாம்பிளைச் சோதனைக்கு அனுப்பியது. 1970-க்கும் 1972-க்கும் இடைப்பட்ட சரக்கு என்று முடிவு வந்தது. சிங்கிள் மால்ட்டே இல்லை, பிளெண்டட்டாக இருக்கவே வாய்ப்பு. ஹோட்டல்காரர் சீனாவுக்கே போய்ப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். இந்தக் கதையில் எனக்கு மதிப்பு வந்த ஒரே ஆள் அவர்தான்.

மூடிய கண்ணாடிக்குள் கிடப்பதன் ஆண்டை எப்படிச் சொல்கிறார்கள்? அணுகுண்டு உதவுகிறது. 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் அமெரிக்காவும் சோவியத் யூனியனும் திறந்த வெளியில் வெடித்த குண்டுகளால், காற்றில் கார்பன்-14 அளவு வட கோளத்தில் கிட்டத்தட்ட இரட்டிப்பானது. 1963-இல் திறந்தவெளிச் சோதனைக்குத் தடை ஒப்பந்தம் வந்தபின், கடலும் காடும் உறிஞ்ச உறிஞ்ச அது ஆண்டுக்கு ஆண்டு இறங்கியது. பார்லி ஒரே பருவத்தில் விளைந்து அறுவடையாகும் பயிர். அந்த வருஷக் காற்றில் இருந்த விகிதம் அப்படியே தானியத்தில் பதிந்து, வடித்த சாராயத்துக்கும் போய்ச் சேர்கிறது. எந்தப் பீப்பாயில் எத்தனை ஆண்டு இருந்தாலும் அந்த முத்திரை அழியாது. 1950-க்கு முந்தையது என்று சொல்லும் விஸ்கியில் குண்டுக் காலத்துக் கார்பன் தெரிந்தால் பேச்சுக்கே இடமில்லை.

ஸ்காட்லாந்தின் ஈஸ்ட் கில்பிரைடில் உள்ள பல்கலைக்கழகங்களின் கூட்டு ஆய்வு மையம் 2018-இல் இந்த முறையில் 55 அரிய பாட்டில்களைச் சோதித்தது. 21 தேறவில்லை; அவை அப்பட்டமான போலி, இல்லையேல் லேபிளில் போட்ட ஆண்டில் வடிக்கப்படாதவை. 1885 ஆர்ட்பெக் என்று ஒருவர் வைத்திருந்த பாட்டிலும் அதில் ஒன்று. ஏலப் பட்டியல்களின் மேல் விழுந்த கல் அது.

இந்தக் கடிகாரமும் ஓடிக்கொண்டே இருக்கப் போவதில்லை. நிலக்கரியும் பெட்ரோலும் பல கோடி ஆண்டு பழைய கார்பன். அதில் கார்பன்-14 மிச்சமில்லை. அவற்றை எரித்து எரித்துக் காற்றை நீர்த்துப்போகச் செய்ததில், 2020-களின் தொடக்கத்தில் வட கோளத்தின் கார்பன்-14 விகிதம் குண்டுக்கும் தொழிற்புரட்சிக்கும் முந்தைய நிலைக்கே இறங்கிவிட்டது. இனி விளையும் பார்லியில் வடித்த சரக்கு, கார்பனை மட்டும் பார்த்தால், மிகப் பழையதைப் போலத் தோன்றத் தொடங்கும். நாளைய போலிக்காரனுக்கு நம் வாகனப் புகை செய்யும் உபகாரம். அப்போது மறுபடி கண்ணாடியும் காகிதமும் பசையும்தான் சாட்சிக் கூண்டில் ஏற வேண்டியிருக்கும்.

நம் பக்கத்துக்கு வருவோம். பெங்களூரின் அம்ருத் 2004-இல் தன் சிங்கிள் மால்ட்டை அறிமுகம் செய்தது கிளாஸ்கோவில். இந்திய பார்லியையும் ஸ்காட்லாந்தின் புகையேற்றிய பார்லியையும் சேர்த்த அம்ருத் ஃபியூஷனை, ஜிம் மரேயின் 2010 விஸ்கி பைபிள் உலகின் மூன்றாவது சிறந்த விஸ்கி என்றது. அதன்பிறகு வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் பெங்களூரையும் கோவாவையும் கவனித்துப் பார்க்கத் தொடங்கினார்கள். வயது பார்த்து வாங்கிப் பழகியவர்களுக்கு இங்கே ஒரு குழப்பம். பெங்களூர் வெப்பத்தில் தேவதைகளின் பங்கு ஆண்டுக்கு 11 சதவீதம் வரை போகும். முன்பு போட்ட கணக்கையே திரும்பப் போடலாம்: 250 லிட்டர் 8 ஆண்டில் 100 லிட்டருக்கும் கீழே வந்துவிடும்; 20 ஆண்டு வைத்தால் 24 லிட்டர் மிஞ்சும், 35 பாட்டில்கூடத் தேறாது. அம்ருத் தன் மூத்த சரக்குக்கு 'பேராசைத் தேவதைகள்' என்று பொருள்படும் பெயரை வைத்தது இதனால்தான். இந்திய மால்ட்டில் 18, 21 என்று தேடுகிறவர் வெயிலோடு சண்டை போடுகிறார்.

தமிழ்நாட்டில் இருந்துகொண்டு சேகரிப்பது வேறு மாதிரி வித்தை. சில்லறை விற்பனை 2003-இலிருந்து டாஸ்மாக் கையில். கேடன்ஹெட்டின் ஒற்றைப் பீப்பாயை அங்கே கேட்டு யாரும் பார்த்ததில்லை. ஸ்காட்ச்சுக்கு இறக்குமதி வரி 150 சதவீதமாக இருந்து வந்தது. 2025 ஜூலையில் பிரிட்டனோடு கையெழுத்தான வணிக ஒப்பந்தம் அதை முதலில் 75-ஆகவும் பத்தாம் ஆண்டில் 40-ஆகவும் குறைக்க வழி செய்கிறது. ஆகவே இங்குள்ளவர்களின் சேகரிப்பு பெரும்பாலும் விமான நிலையத்தில் கூடுகிறது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர் வரியில்லாமல் 2 லிட்டர் கொண்டுவரலாம். பயணிகள் கடைக்கென்றே அடைக்கும் ஒரு லிட்டர் பாட்டில் இரண்டு என்றால் கச்சிதம். ஆனால் ஆர்வலர் தேடுவது 700 மில்லியில்தான் வரும். இரண்டு வாங்கினால் 600 மில்லி வீண், மூன்று வாங்கினால் 100 மில்லி அதிகம். சிங்கப்பூரிலிருந்து வரும் மாமாவுக்கு அனுப்பும் பட்டியலில் மூன்றாவது பெயரை எழுதி, அடித்து, மறுபடி எழுதியவர்களை எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்தபின்னும் சட்டம் விடுவதில்லை. ஒருவர் எவ்வளவு வைத்திருக்கலாம் என்பதற்கு மாநிலத்துக்கு மாநிலம் வரம்பு உண்டு. டெல்லியில் ஒரு வீட்டில் 132 பாட்டில்கள் பிடிபட்டு வழக்கானது: விஸ்கி, ரம், ஜின், வோட்கா சேர்த்து 51.8 லிட்டர், பீரும் வைனும் 55.4 லிட்டர். 2022-இல் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த வழக்கை ரத்து செய்தது. அது கூட்டுக் குடும்பம். 25 வயது தாண்டியவர்கள் ஆறு பேர். டெல்லி விதிப்படி ஆளுக்கு விஸ்கி வகை 9 லிட்டரும் பீர், வைன் 18 லிட்டரும் வைத்திருக்கலாம். ஆறு ஒன்பது 54. விஸ்கிக் கணக்கில் அந்த வீட்டில் இன்னும் 2.2 லிட்டருக்கு இடம் இருந்தது. 700 மில்லி பாட்டில் என்றால் தாராளமாக மூன்று.